அரிசி மில்லின் பூட்டு

மாலை ஆறு பத்து. துணியை விலக்கியதும் முதலில் தெரிந்தது பூட்டு. பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். ஃப்யூஸ் கம்பியை வளைத்துக் கொக்கி செய்திருந்தது. சரக்கு வேகன்களுக்கு முத்திரை வைக்கும் ஈயத்தைத் தட்டி அதன் உடல். அட்டையில் செய்த அரிசி மில்லுக்கு இரண்டு கதவுகள்; இடது கதவில் அது தொங்கியது. மற்றவற்றை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். புகைபோக்கியில் வழக்கமாக இருக்கும் பஞ்சுப் புகை இல்லை. நெல் காயப்போடும் களத்தில் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் தூவிப் புல் முளைக்க வைத்திருந்தது. களத்தைச் சுற்றி, மனை பிரித்தால் நடுவார்களே அதுபோல, வெள்ளையடித்த சின்னக் கற்கள்.

நவராத்திரியின் முதல் நாள் அது. கல்கத்தா பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளம். கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு சிறிய ஊர், ஒரு ஸ்டேஷன், ஓடுகிற ரயில். அறை நிறைய ஆட்கள். துணியை விலக்கியவர் அந்த வீட்டு அம்மாள். அந்த மில் அவருடைய அப்பா கட்டியது. நிஜ மில் மூடப்பட்டது அந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது. பூட்டைச் செய்து மாட்டியவர் அவருடைய கணவர்.

நான் எழுதுவது அந்தக் கணவரைப் பற்றி.

அவரை நான் சார் என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் ‘பேப்பர்’ என்பார். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தேன். அதே வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். சார் ரயில்வேயில் சரக்கு இழப்பீட்டுப் பிரிவில் இருந்தார். நனைந்த சர்க்கரை, கல்லான சிமென்ட், எடை குறைந்து வந்த மூட்டை ஆகியவை எங்கே, எப்படி அந்தக் கதிக்கு ஆளாயின என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தா. தமிழைப் பேசுவார்; படிப்பது வங்காள மொழியில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய இடுக்கி இருக்கும்.

சாரின் மனைவியை நான் அக்கா என்பேன். அவருக்கு ஊர் தஞ்சாவூருக்குத் தெற்கே மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷன். கல்யாணம் ஆகி வந்த முதல் நவராத்திரியில், தெருவெல்லாம் துர்கா பூஜை மேளம் அடிக்க, அக்கா கொலுவின் முன்னால் உட்கார்ந்து அழுதாராம். கொலுவுக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கடுகு முளைக்கவைத்து, பொம்மைக் காரை நிறுத்திப் பூங்கா போடுவது பல வீடுகளில் வழக்கம். சார் பூங்கா போடவில்லை. அக்காவின் ஊர் ஸ்டேஷனைச் செய்து வைத்தார். கொலுவில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது முறை. மறு ஆண்டு அவர் சேர்த்தது அரிசி மில். அப்படியே ஆண்டுக்கு ஒன்றாகத் தண்டவாளத்து ஓரத்தில் ஒவ்வொரு தொழிலும் வந்து உட்கார்ந்தது. மரவாடி, உரக் கிட்டங்கி, மண்ணெண்ணெய் டிப்போ, உப்புக் கொட்டகை.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது. ‘வேகன்ல என்ன வரும்? என்ன போகும்?’ பதில் இல்லாத எதற்கும் தண்டவாளத்து ஓரத்தில் இடம் கிடையாது.

ராணுவக் கணக்குத் துறையில் இருந்த ஒருவரின் மனைவி ஒருமுறை கோயில் பொம்மையோடு வந்தார்.

“இதை ஸ்டேஷன் பக்கத்துல வைங்க சார். ரயில்ல போறவங்க கும்பிட்டுட்டுப் போகட்டும்.”

“கோயிலுக்கு வேகன்ல என்னம்மா வரும்?”

“சாமிக்கு வேகனா வேணும்? மயில் இருக்கு.”

“அப்போ மயில் நிக்கிற இடத்துல வைங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.”

கோயில் ஊர்க்கோடியில் உட்கார்ந்தது. மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாளை எல்லோரும் மாஷிமா என்போம். அவர் நெட்டியில் செதுக்கிய ஒரு மிட்டாய்க் கடையைக் காளிகாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். மிட்டாய்க் கடை இல்லாத ஊர் என்ன ஊர் என்று வங்காள மொழியில் சண்டை போட்டார். சார் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். மாஷிமா கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் அக்கா அந்தக் கடையைச் சந்தைத் தெருவில், அரச மரத்தின் மறைவில் ஒட்டிவைத்தார். சார் பார்த்தார், தண்டவாளத்திலிருந்து அது இருக்கும் தூரத்தை விரலால் அளந்து பார்த்து, அப்படியே விட்டுவிட்டார்.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. அக்காவின் ஊரை அவர் நேரில் பார்த்தது கல்யாணத்துக்கும் மாமனார் இறந்ததற்கும் மட்டுமே. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வருகிற எல்லாரையும் விசாரிப்பார். ஒருவர் சொன்னால் போதாது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தலைமை நிருபர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித்தருகிற விதியும் இதுதான். எங்கள் மேசையில் அதை அவ்வப்போது மீறினோம். சார் மீறிப் பார்த்ததில்லை.

லேக் மார்க்கெட்டில் அவர் ஒருவரை மடக்கியபோது நான் கூட இருந்தேன்.

“எந்த ஊர் உங்களுக்கு?”

“மன்னார்குடிப் பக்கம் சார்.”

சார் தன் மனைவியின் ஊரைச் சொல்லி, “அந்த ஸ்டேஷன்ல இறங்கியிருக்கீங்களா?” என்றார்.

“என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர் சார்.”

“இறங்கினா இடது கைப் பக்கம் முதல்ல என்ன?”

“டீக்கடை.”

“அது ரோட்டுல. நான் கேக்கறது தண்டவாளத்து ஓரத்துல.”

“சார், நான் வாழைப்பூ வாங்க வந்தேன்.”

“வாங்குங்க. யோசிச்சுக்கிட்டே வாங்குங்க.”

அந்த மனிதர் வாழைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் டிப்போவின் தொட்டி பச்சை நிறம் என்றார். அதற்கு முன் விசாரித்த ஒருவர் வெள்ளி நிறம் என்று சொல்லியிருந்தார். அந்த ஆண்டுக் கொலுவில் தொட்டி வெறும் தகரமாகவே நின்றது. வந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். “பௌடர் டப்பா மாதிரி இருக்கே சார்.” “ஊர்ஜிதம் ஆகட்டும்” என்றார். மறு ஆண்டு மூன்றாவது ஒருவர் பச்சை என்ற பிறகே பெயின்ட் அடித்தார். நான் இதை ரசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லிப் பலரைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

ரயிலை ஓட்டுவது அக்கா. ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய எஞ்சின். வேகன்கள் சார் செய்தவை. பிள்ளைகள் பலகையைச் சுற்றி உட்கார, அக்கா மின்பெட்டியின் குமிழைத் திருப்புவார். பிரதான தண்டவாளத்திலிருந்து பிரிந்து மில் வாசல் வரை ஒரு கிளைத் தண்டவாளம் போகும். அங்கே இரண்டு வேகன்களைத் தள்ளி நிறுத்தி, உதட்டைக் குவித்து மில் சங்கை ஊதுவார். ‘ஊ’ என்று நீளமாக. “இது எங்கப்பா மில். காலையில எட்டு மணிக்கு இந்தச் சங்கு ஊதினாத்தான் எங்க ஊர்ல கடியாரத்துக்குச் சாவி கொடுப்பாங்க” என்பார். யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான்.

மில்லை அப்பாவுக்குப் பிறகு அண்ணன் நடத்தினார். ஒவ்வொரு நவராத்திரிக்கும் மெட்ராஸ் வண்டியில் வரும் யாராவது ஒருவர் கையில் அண்ணன் ஒரு சிறிய மூட்டை அரிசி கொடுத்தனுப்புவார். முதல் நாள் சர்க்கரைப் பொங்கல் அந்த அரிசியில்தான். “எங்க மில் அரிசி” என்று சொல்லியே அக்கா பரிமாறுவார்.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்ந்ததை ஒரு துணியால் மூடிவைப்பது சாரின் வழக்கம். விளக்கேற்றியதும் அக்கா துணியை விலக்குவார். பூட்டு வைத்த ஆண்டு துணி மில் இருந்த இடத்தில் கிடந்தது. மில்லுக்குப் பக்கத்தில் தவிட்டுக் கொட்டகை வருகிறது என்று அக்கா நினைத்திருந்தார். காலையில் என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

ஆறு பத்துக்குத் துணி விலகியது. பிள்ளைகள் ரயில் ஓடப்போகிறது என்று கை தட்டினார்கள். அக்கா குனிந்து பார்த்தார். துணியை மடித்தார். மடித்த துணியை மறுபடி மடித்தார்.

“பூட்டு எதுக்கு?”

“மூடியாச்சு” என்றார் சார். அலுவலகத்தில் கோப்புக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது குரல்.

“யாரு மூடினது?”

“உங்க அண்ணன்.”

“எப்போ?”

“மூணு வருஷம் ஆகுது. களத்தை மனை போட்டு வித்தாச்சு.”

“யார் சொன்னது உங்களுக்கு?”

“ரெண்டு பேர்.”

இரண்டு பேரில் ஒருவர் அந்த அறையிலேயே இருந்தார். ஆடியில் மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. பொங்கல் கிண்ணத்தோடு சுவரோரம் நின்றார். சார் அவர் பக்கம் கையைக் காட்டினார். அவர் முகம் வெளுத்தது.

“சார், அது இவங்க மில்லுன்னு எனக்குத் தெரியாதே சார். ஸ்டேஷன் பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டீங்க. சும்மாப் பூட்டிக் கிடக்குற மில்லு ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதானே சார்?”

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். வங்கி அதிகாரியின் கையில் இருந்ததை. பிறகு என் கையில் இருந்ததை.

“அப்போ இந்த அரிசி?”

“வாங்கினது” என்றார் சார். “உங்க மில் மூட்டையில வாய் கையால தைச்சிருக்கும். நீல நூல். மூணு வருஷமா வர்றது மிஷின் தையல்.”

“மூணு வருஷமாத் தெரியுமா?”

“சந்தேகம் மூணு வருஷமா. ஊர்ஜிதம் ஆனது ஆவணியில.”

அறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வாயில் அந்தப் பொங்கல் இருந்தது. மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்தான் முதலில் எழுந்து வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அழவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, குங்குமச் சிமிழை எடுத்து, வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் வரிசையாகக் கொடுத்தார். வெற்றிலை பாக்கு கொடுத்தார். ஒருவரையும் விடவில்லை. சார் பலகையின் மறுகோடியில் நின்று, சாய்ந்திருந்த ஒரு மனைக்கல்லை இடுக்கியால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

ஒரு சின்னப் பெண், “மாமி, ரயில்” என்றாள். அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

“ஓட்டறேண்டி” என்று அக்கா உட்கார்ந்தார். எஞ்சின் ஊரைச் சுற்றி வந்தது. மரவாடியில் நின்றது. உரக் கிட்டங்கியில் நின்றது. பிறகு கிளைத் தண்டவாளத்தில் திரும்பியது. இரண்டு வேகன்களைப் பூட்டிய கதவு வரை தள்ளிவிட்டு எஞ்சின் பின்வாங்கியது. சங்கு ஊதவில்லை.

“அங்க லோடு இல்லை” என்றார் சார்.

“தெரியும்.”

“பின்ன எதுக்கு வேகன்?”

“நிக்கட்டும்.”

அவர் வேகன்களை எடுக்கக் கையை நீட்டினார். அக்கா அவரைப் பார்த்தார். கை திரும்பிவிட்டது. அவர் தன் விதியை ஒருமுறை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு நாள் கழித்து வாசலில் அவரைத் தனியாகப் பிடித்தேன். எல்லார் முன்னாலும் ஏன் இப்படி, தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொல்லிப் பார்த்தேன், பேப்பர். ஆவணி பூரா சொல்லிப் பார்த்தேன். சமையல்கட்டு வாசல்ல போய் நிப்பேன். வாயைத் திறந்தா ‘காப்பி இருக்கா’ன்னுதான் வருது. அவ காப்பி போட்டுப் போட்டே அலுத்துட்டா.”

“அதுக்காகக் கொலுவிலயா சார்?”

“மூடிக் கிடக்குற மில்லுல புகையை வெக்கச் சொல்றீங்களா?”

உண்மையாகவே கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். அவருக்கு இரண்டு வழிகள்தான் தெரிந்தன: புகை வைப்பது, பூட்டு வைப்பது. துணியை விலக்கும்போது மனைவி என்ன ஆவார் என்பது அவர் கேட்கிற எந்தக் கேள்விக்குள்ளும் வரவில்லை. சரக்கு எங்கே உடைந்தது என்று கண்டுபிடிப்பதே இத்தனை ஆண்டுகளும் அவர் செய்துவந்த வேலை. இவரை வைத்து அலுவலகத்தில் கதை சொல்வதை நான் அத்தோடு நிறுத்தினேன்.

விஜயதசமி அன்று அக்கா ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். நான் முன்னறையில் சார் கொடுத்த பழைய காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சார் தரையில் உட்கார்ந்து தண்டவாளங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா நலம் விசாரித்தார். அண்ணியை, பிள்ளைகளை விசாரித்தார். பிறகு கேட்டார்:

“ஏண்ணே, மில் சங்கு இப்பவும் எட்டு மணிக்குத்தான் ஊதறாங்களா?”

எதிர்ப்பக்கத்தின் பதில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா, “சரிண்ணே. எட்டுதானா. அரிசி வந்துச்சு. நல்லா இருந்துச்சு” என்று சொல்லி ரிசீவரை வைத்தார். சார் தண்டவாளத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறு ஆண்டு நவராத்திரிக்கு முன்னால் அக்கா சாரிடம், “இந்த வருஷம் புதுசா ஒண்ணும் வேண்டாம்” என்றார். முறை ஆயிற்றே என்று அவர் சொல்லிப் பார்த்தார். “வேண்டாம்” என்றார் அக்கா. ஊரை எப்போதும்போல விரித்தார்கள். மில்லும் பூட்டும் புல்லும் கற்களும் இருந்தன. வேகன்கள் வாசலில் நின்றன. மில்லின் மேல் அக்காவே துணியைப் போட்டு மூடினார். முதல் நாள் யாரும் துணியை விலக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. வந்தவர்கள் கேட்டதற்கு, “இருக்கட்டும், ஆள் வரணும்” என்றார்.

ஐந்தாம் நாள் அண்ணன் வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தங்கையை நேரில் அழைப்பதற்காக, முதல் முறையாகக் கல்கத்தாவுக்கு. வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, பயணக் களைப்பு. கையில் அரிசி மூட்டை. கதவருகே வைத்தார். மிஷின் தையல். நான் பார்த்தேன், சாரும் பார்த்தார்.

“நம்ம மில் அரிசிம்மா” என்றார் அண்ணன்.

“உக்காருங்கண்ணே.”

காப்பி வந்தது. அவர் கொலுவைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். எழுந்து கிட்ட வந்துவிட்டார்.

“அட, நம்ம ஸ்டேஷன்! இது பண்ணையாரு மரவாடி. டிப்போகூடப் பச்சை. மாப்பிள்ளை, நீங்க எப்ப வந்து பார்த்தீங்க இதெல்லாம்?”

“கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், மச்சான்.”

“இது என்ன, மூடி வெச்சிருக்கு?”

“உங்களுக்காகத்தாண்ணே மூடி வெச்சேன்” என்றார் அக்கா. “எடுங்க.”

சார் அக்காவைப் பார்த்த பார்வையில், அவருக்கும் இது தெரியாது என்று புரிந்தது. அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் கண்டேன். ஒரு கையை லேசாக உயர்த்தினார், வேண்டாம் என்பதுபோல.

அண்ணன் துணியை எடுத்துவிட்டார்.

தெருவில் ஒலிபெருக்கி ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். களத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். வாசலில் நின்ற வேகன்களில் ஒன்றை விரல் நுனியால் தொட்டார். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வார்த்தைக்காக நின்றார். என்ன வார்த்தையானாலும் சரி என்பதுபோல நின்றார்.

அண்ணன் பேசியபோது அது சாரிடம்.

“பூட்டு இந்தக் கதவுல இல்ல, மாப்பிள்ளை. வலது கதவுல.”

சார் சட்டைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். பூட்டைக் கழற்றி வலது கதவில் மாட்டினார்.